மேலே போர்த்தும் பாடம்

செவ்வாய்ப்பேட்டையில் மிளகாய் மூட்டை பிரிக்கிற வேளையில் இருமாதவர் கிடையாது. கிடங்குக்குள் சாக்கை உதறிக் கொட்டியதும் நெடி சந்து முழுக்கப் பரவும். ஓட்டு இடுக்கு வழியாகவும் கதவுச் சந்து வழியாகவும் வீடுகளுக்குள் இறங்கி, அடுப்படியில் நிற்பவளையும் தொட்டிலில் கிடக்கும் குழந்தையையும் ஒரே நேரத்தில் பிடித்து உலுக்கும். கிடங்கை ஒட்டியிருந்த செல்லியம்மாள் வீட்டுக்குக் குடிவந்த முதல் மத்தியானமே உண்ணாமலை கண்ணில் நீர் வழிய, முந்தானையை மூக்கில் அமுக்கிக்கொண்டு இருமினாள். கூடத்தில் செல்லியம்மாள் இருமினாள். பின்புறம் கட்டியிருந்த ஆடு தும்மியது.

உள்ளறையில் படுத்திருந்த பெண் மட்டும் இருமவில்லை.

"என்ற மக ராசாத்தி," என்றாள் செல்லியம்மாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "படுத்த படுக்கையாக் கெடக்கறா. நீங்க வாடகை ஒண்ணும் தர வேண்டாஞ் சாமி. அவளுக்குக் கேக்கற மாதிரி வாய்விட்டுப் படிச்சாப் போதும். தொட்டுப் பாத்துப் படிங்க. ஆனாப் போர்வையை விலக்கப்படாது. வெளிச்சம் அவளுக்கு ஆவாது."

உண்ணாமலைக்கு அது வினோதமாகப் படவில்லை. ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். பிரசவத்துக்கு வருகிற பெண்கள் உயிரே போனாலும் மேல்துணியை விலக்க விடமாட்டார்கள். ஆகவே மருத்துவச்சிப் பயிற்சிக்கு வரும் பெண்கள் எல்லாவற்றையும் துணிக்கு மேலேயே விரலால் தடவி அறியக் கற்றார்கள். இருதயம் எங்கே, ஈரல் எங்கே, குழந்தையின் தலை எங்கே என்று கண்ணால் பார்க்காமல் சொல்வதுதான் அங்கே படிப்பு.

அந்தப் படிப்பில் உண்ணாமலை ஒரு தடவை தவறிவிட்டாள். பிரசவ அறையில் அவள் கை பதறியதில்லை. உடற்கூறு வாய்மொழிப் பரீட்சையில், பெரிய டாக்டரம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இன்னும் ஒரு தடவை வாய்ப்புக் கொடுத்திருந்தார்கள். தவறியவர்களுக்கு விடுதியில் இடமில்லை.

கொண்டுவந்து விட்ட அண்ணன் செங்கோடன் வண்டியை விட்டு இறங்காமலே சொன்னான். "தேறிட்டீன்னா உன்ற சோத்தை நீ திங்கலாம் அம்மிணி. தேறலீன்னா நேரா உன்ற மாமனார் ஊடுதான். என்ற பொண்டாட்டிகிட்ட இனி மல்லுக்கட்ட என்னால ஆவாது."

மாமனார் வீட்டில் புருஷன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு மூன்று வருஷமாகிறது. பிள்ளை பெறாதவள் என்று உண்ணாமலையைக் கட்டுத்தரையில், மாடுகளுக்கு நடுவில் படுக்க வைத்தார்கள். ஒரு மழைக்காலம் முழுவதும் மாட்டுக்கயிற்றின் மறுமுனை அவள் காலில் இருந்தது.

ஆகவே அவள் அந்த அறையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு கட்டில் அருகே உட்கார்ந்தாள்.

அறைக்கு ஜன்னல் இல்லை. கதவு வழியாக வந்த வெளிச்சம் கட்டில்காலோடு நின்றுவிட்டது. தலை முதல் கால் வரை வெள்ளைப் போர்வை. முகத்தின்மேல் தனியாக ஒரு துண்டு. உண்ணாமலை தயக்கத்தோடு கையைத் தொட்டாள். துணிக்குக் கீழே உடனே எலும்பு தட்டுப்பட்டது. முன்கையின் இரண்டு எலும்புகளும் தனித்தனியாக, நடுவில் இருக்கும் சந்தோடு. எவ்வளவு மெலிந்திருக்கிறாள் என்று நினைத்தாள். பாவம், நோய்.

மணிக்கட்டில் மூன்று விரலை வைத்தாள். நாடி கிடைக்கவில்லை.

இடம் தவறு என்று மேலே நகர்த்தினாள். அழுத்திப் பார்த்தாள். லேசாக வைத்துப் பார்த்தாள். வாசற்படியில் நின்றிருந்த செல்லியம்மாள் சிரித்தாள்.

"என்ன, படிச்ச புள்ளைக்கு நாடி புடிக்கத் தெரியலீங்களா?"

உண்ணாமலைக்குக் காது சூடாகியது. அவளுக்கு எப்போதுமே குற்றம் தன்னுடையதுதான். துணி தடிமனாக இருக்கிறது, தன் விரல் மரத்திருக்கிறது, பாடம் சரியாக ஏறவில்லை. அன்று சாயங்காலம் வரை தசைகளைப் படித்தாள். எந்தத் தசை எந்த எலும்பில் தொடங்கி எதில் முடிகிறது என்று சத்தமாக, தப்பு வந்த இடத்தில் திரும்ப முதலிலிருந்து, தொண்டை கம்முகிற வரை.

மறுநாள் அந்தக் கை கனத்திருந்தது. தூக்கிப் பார்த்தாள். புஜத்தில் உருண்டையாகச் சதை இருந்தது. செல்லியம்மாள் நல்ல சாப்பாடு போடுகிறாள் போலும் என்று நினைத்தாள். ஒரே நாளில் அப்படிச் சதை போடாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததை நம்புகிற தைரியம் அவளுக்கு இல்லை. நேற்று நான் சரியாகத் தொடவில்லை.

அடுத்து ரத்த ஓட்டம். இருதயத்தின் நான்கு அறைகளைச் சொன்னாள். வலப்பக்கத்து ரத்தம் நுரையீரலுக்குப் போவதையும், அங்கிருந்து இடப்பக்கம் திரும்பி உடம்பெல்லாம் பரவுவதையும் விரலால் போர்வைமேல் கோடு இழுத்துக் காட்டிக்கொண்டே சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு விரலை நெஞ்சின்மேல் வைத்தபடி அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

விரலுக்குக் கீழே ஒன்று தட்டியது.

கதவை யாரோ உள்ளிருந்து தட்டியது போல. ஒரு தரம். நின்றது. பிறகு இரண்டு. பிறகு ஒழுங்காக.

உண்ணாமலை சிரித்துவிட்டாள். அவ்வளவு சந்தோஷம். கண்டுபிடித்துவிட்டேன். இடம் கிடைத்துவிட்டது. மணிக்கட்டைத் தொட்டாள், அங்கேயும் நாடி ஓடியது. கழுத்தில் ஓடியது. முழங்காலின் பின்பக்கம்கூட ஓடியது. சென்ற பரீட்சையில் இதைச் செய்திருந்தால்.

"கெடச்சுதுங்களா?" என்றாள் செல்லியம்மாள் வாசற்படியிலிருந்து.

"கெடச்சுதுங்கம்மா."

"இன்னும் என்னென்ன பாக்கி இருக்குதுங்க?"

மூச்சுப் பாடத்தை அவள் மறுநாள் மத்தியானம் சொன்னாள். வெளியே வெயில் தகித்தது. வண்டிமாடுகளின் கழுத்துமணி, மூட்டை இறக்குபவர்களின் கெட்ட வார்த்தை, தராசுத் தட்டு தரையில் மோதும் சத்தம் எல்லாம் சுவருக்கு அப்பால் மந்தமாகக் கேட்டன. வலது நுரையீரலுக்கு மூன்று பிரிவு, இடதுக்கு இரண்டு. விலாவெலும்புகள் உயரும்போது காற்று உள்ளே வரும். தாழும்போது வெளியே போகும். அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கிடங்கில் சாக்கை உதறினார்கள். நெடி வந்தது. உண்ணாமலை வாயைப் பொத்தினாள்.

கட்டில் இருமியது.

அவள் அப்படித்தான் உணர்ந்தாள். இருமல் தொண்டையிலிருந்து வந்ததாகத் தெரியவில்லை. வறண்ட ஓலைக்கட்டை உதறினாற்போல் போர்வை முழுவதும் எழும்பித் தாழ்ந்தது. முகத்தின்மேல் கிடந்த துண்டு உள்ளே உறிஞ்சப்பட்டது. வெளியே ஊதப்பட்டது. மறுபடி உறிஞ்சப்பட்டது.

இத்தனை நாளும் அந்தத் துண்டு அசைந்ததில்லை. அப்போதுதான் அது அவளுக்கு உறைத்தது.

செல்லியம்மாள் ஓடிவந்து கட்டில்காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். "இருமுது, என்ற தங்கம் இருமுது." பிறகு தலையைத் திருப்பி உண்ணாமலையைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நன்றி இல்லை. கறக்கிற மாட்டைப் பார்க்கிற பார்வை. "நிறுத்தாதே. படி."

அன்று அவள் படித்தது இரைப்பையும் குடலும். சாயங்காலம் போர்வைக்குள் வயிறு உறுமியது. விளக்கு வைக்கிற நேரத்தில் செல்லியம்மாள் களிச்சட்டியோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த உண்ணாமலைக்கு விழுங்கும் சத்தம் கேட்டது. நீளமாக, இடைவிடாமல், மூச்சுவிட மறந்தாற்போல. சட்டி காலியாக வந்தது. வீட்டிலிருந்த மற்றச் சட்டிகளும் உள்ளே போய்க் காலியாக வந்தன. காலையில் பின்புறம் ஆடு இல்லை. அதைக் கட்டியிருந்த கயிறு மட்டும் கிடந்தது.

தண்ணீர் எடுக்கக் குழாயடிக்குப் போனபோது எதிர்வீட்டு அங்கம்மாள் அவளுக்கு இடம்விட்டு விலகி நின்றாள். மிளகாய்க் காம்பு கிள்ளுகிற பெண். விரல்நுனிகள் சிவந்து வீங்கியிருந்தன.

"ராசாத்தி இப்ப இருமறாளாமே," என்றாள். "சந்துக்கே கேட்டுச்சு. நீ பரவால்ல. உனக்கு முன்னால வந்தது எலும்போட போயிருச்சு."

"யாருங்க?"

"உன்னாட்டம் படிக்கற புள்ளதான். எலும்புப் பாடம் முடிச்சுது. ஒரு நாளு போர்வைக்குள்ள கைய உட்டுப் பாத்துது. அப்பறம் பொட்டியக்கூட எடுத்துக்காம ஓடிருச்சு." அங்கம்மாள் குடத்தை இடுப்பில் ஏற்றினாள். "உனக்கு ஒண்ணும் சொல்லலியா செல்லி? ராசாத்தி வாந்திபேதியில போயிட்டா. ராவோட ராவா வண்டியில போட்டுக் கொண்டுட்டுப் போயிட்டாங்க. மூஞ்சியக்கூடப் பாக்க உடல. செல்லி கட்டில்ல தலகாணிய வெச்சுப் போர்வையப் போத்திட்டு, மக தூங்கறாளுன்னுட்டு ஒக்காந்திருந்தா. அந்தப் புள்ள வந்து தலகாணியத் தொட்டுத் தொட்டு எலும்பு பேரு சொல்லிச்சு. சொல்லச் சொல்ல உள்ள எலும்பு வந்துச்சு."

உண்ணாமலை குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் நிரம்பி வழிந்தது.

"நீங்க யாரும் ஒண்ணும் செய்யலீங்களா?"

"என்ன செய்யச் சொல்ற? பெத்தவ அழறா." அங்கம்மாளின் குரல் கடுமையாயிற்று. "அரைகுறையா உட்டுட்டுப் போவாதே. அரைகுறையா ஒண்ணு பக்கத்து ஊட்டுல கெடந்தா நாங்க எப்பிடிக் குடியிருக்கறது? முடிச்சுட்டுப் போ."

அன்றிலிருந்து அவள் வாய்விட்டுப் படிக்கவில்லை. புத்தகத்தை மடியில் வைத்துக் கண்ணால் மட்டும் படித்தாள். உதடு அசைந்தால் கடித்துக்கொண்டாள். வேறு வீடு கேட்டுப் பார்த்தாள். சந்தில் ஒவ்வொரு கதவாக அவள் வருவதற்கு முன்பே சாத்திக்கொண்டது.

செல்லியம்மாள் சோறு போடுவதை நிறுத்தினாள். சாமி என்று கூப்பிடுவதையும் நிறுத்தினாள்.

"ஏ புள்ளை. போர்வை ஒட்டிக்குது."

உண்ணாமலை புத்தகத்தை மூடி மடியில் அமுக்கினாள்.

"எடுத்து மாத்தலாம்னு பாத்தாப் பிச்சுக்கிட்டு வரமாட்டேங்குது. ஈ மொய்க்குது. அவளுக்கு எரியுது போல, நெளியறா. மேல போத்தறதுக்கு ஒரு பாடம் இருக்கோணுமே? அதைச் சொல்லு."

உள்ளறை வாசலிலிருந்து உண்ணாமலை பார்த்தாள். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். வெள்ளைப் போர்வை இப்போது வெள்ளையாக இல்லை. தோள், விலா, தொடை என்று உடம்பு துணியில் அச்சுப் பதிந்திருந்தது. ஈரமாக, பழுப்பும் சிவப்புமாக. கசாப்புக்கடையில் சாக்குத்துணி சுற்றி வைப்பார்களே, அந்த வாசனை. புத்தகத்தின் கடைசியில் தோல் பாடம் இருந்தது. சின்னப் பாடம். அதிலிருந்து கேள்வி வராது என்று மூத்தவர்கள் சொல்லியிருந்ததால் அவள் அதைத் திறந்ததே இல்லை.

"எனக்கு அது தெரியாதுங்கம்மா," என்றாள். நிஜம்தான்.

"தெரிஞ்சவ ஒருத்தி இருப்பா," என்றாள் செல்லியம்மாள்.

பரீட்சை நாள் காலையில் அவள் எழுந்தபோது உள்ளறைக் கட்டில் இல்லை.

ஆஸ்பத்திரியின் நீண்ட கூடத்தில் பெனாயில் வாசனை. உயரமான ஜன்னல்கள் வழியாக வெயில் நேராகத் தரையில் விழுந்தது. பயிற்சிப் பெண்கள் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். வாய்மொழிப் பரீட்சைக்கு வெளி நோயாளிகளில் ஒருத்தியைப் படுக்க வைப்பது வழக்கம். இன்று கயிற்றுக் கட்டிலோடு ஒருத்தியைத் தூக்கி வந்திருந்தார்கள். கட்டிலின் முன்பக்கம் அங்கம்மாள், பின்பக்கம் சந்துப் பெண்கள். தலைமாட்டில் செல்லியம்மாள் கைகூப்பி நின்றாள். பழைய போர்வையின் மேல் புதுக் கோடித்துணி ஒன்று போர்த்தியிருந்தது. முகத்துத் துண்டைத் தலையோடு சுற்றிக் கட்டியிருந்தார்கள்.

"என்ன, ஊர்வலமா?" என்றார் பெரிய டாக்டரம்மா. "இறக்கி வைத்துவிட்டு வெளியே போங்கள். அம்மா மட்டும் இருக்கலாம்." கட்டிலைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "தவறினவள் முதலில் வரட்டும்."

உண்ணாமலை முன்னால் வந்தாள்.

கோடித்துணி மேலும் கீழும் அசைந்துகொண்டிருந்தது. நிதானமாக, அவள் சொல்லிக்கொடுத்த வேகத்தில்.

"இருதயம் எங்கே?"

அவளுக்குத் தெரியும். இந்தத் தடவை நாக்கு ஒட்டவில்லை. எல்லாப் பதில்களும் வரிசையாக வாயில் வந்து நின்றன. சரியாகச் சொன்னால் தேறலாம். மாதச் சம்பளம், வெள்ளைச் சேலை, தனக்கென்று ஒரு பாய். சரியாகச் சொன்னால் கட்டிலில் இருப்பது இன்னும் கெட்டிப்படும். தப்பாகச் சொன்னால்? தப்பாகச் சொல்லி அவள் பார்த்ததில்லை.

செல்லியம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கட்டுத்தரை ஞாபகம் வந்தது. ஈரச் சாணம். காலில் கயிறு.

"வலப்பக்கம்," என்றாள் உண்ணாமலை.

துணிக்குக் கீழே எலி ஓடினாற்போல் ஒன்று நெஞ்சின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு நகர்ந்தது.

"என்ன?"

"வலப்பக்கமுங்க. அறை ஒண்ணே ஒண்ணுதான். அதுக்கு வழி கெடையாது. ரத்தம் போற வழியும் இல்லீங்க, வர்ற வழியும் இல்லீங்க." அவள் நிறுத்தவில்லை. "நுரையீரலுக்குள்ள காத்துப் போவாது. எலும்பெல்லாம் மெத்து. இரைப்பை கெடையாது. ஒண்ணும் கெடையாது."

துணி அசைவதை நிறுத்தியது. கட்டிலிலிருந்து ஒரு முனகல் வந்து பாதியில் அறுந்தது. துணிக்கடியில் முழங்கால்கள் தளர, கோடித்துணி மெல்ல மெல்லத் தாழ்ந்தது. உள்ளே இருந்தது தணிந்தது. தலைகாணி போல ஆனது.

"அய்யோ," என்று அலறினாள் செல்லியம்மாள். "கொல்றா, என்ற புள்ளையக் கொல்றா."

உண்ணாமலை அழுதுகொண்டிருந்தாள். முடிந்துவிட்டது. தன் வாழ்வும்தான். ஆனால் முடிந்துவிட்டது.

பெரிய டாக்டரம்மா பிரம்பால் மேஜையை அடித்தார். "போன தடவை ஊமை, இந்தத் தடவை உளறல். வெட்கமாயில்லை உனக்கு? ஒரு வருஷச் சோறு தண்டம்." சுவரோரத்து வரிசையைப் பார்த்துத் திரும்பினார். "எல்லோரும் சேர்ந்து சொல்லுங்கள். இவள் காதில் விழட்டும். இருதயம்."

"வேண்டாங்கம்மா," என்றாள் உண்ணாமலை.

"இருதயம்!"

வரிசை வாய் திறந்தது. தேற வேண்டும் என்ற பயத்தில் ஒவ்வொருத்தியும் அடுத்தவளைவிட உரக்கச் சொன்னாள். இடப்பக்கம். நான்கு அறைகள். கூடம் எதிரொலித்தது. நுரையீரல். இரைப்பை. ஈரல். எலும்புகள், தலையிலிருந்து கால்விரல் வரை. நரம்புகள். கண். காது. தொண்டை, குரல்நாண். உண்ணாமலை இதுவரை தொடாத பாடங்களெல்லாம் வந்தன. துணி எழும்பியது. உயர்ந்தது. தோள் வந்தது. முழங்கால் வந்தது. வயிறு உறுமியது.

"தோல்," என்றார் டாக்டரம்மா. "இதை யாரும் படித்திருக்க மாட்டீர்கள்."

வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல் மட்டும் சொன்னது. மெலிந்த பெண். எல்லாவற்றையும் படிக்கிறவள். மேல்தோல். அடித்தோல். வியர்வைச் சுரப்பி. மயிர்க்கால்.

பழைய போர்வை உடம்பிலிருந்து கழன்று, கோடித்துணியோடு சேர்ந்து, சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு கீழே விழுந்தது.

"சபாஷ்," என்றார் டாக்டரம்மா. பேனாவை எடுத்து உண்ணாமலையின் பெயரை அடித்தார். "நீ போகலாம். அடுத்த ஆள்."

கட்டிலில் அது எழுந்து உட்கார்ந்தது. கோடித்துணியை எடுத்துத் தானே சுற்றிக்கொண்டது. மாசு மருவில்லாத தோல். செல்லியம்மாள் விழுந்தடித்துக்கொண்டு போய் முகத்துத் துண்டை விலக்கினாள். அவள் முதுகு மறைத்ததால் உண்ணாமலைக்கு ஒன்றும் தெரியவில்லை. செல்லியம்மாளின் முதுகு விறைத்ததுதான் தெரிந்தது.

துண்டை அவள் திரும்பப் போட்டுவிட்டாள்.

"இது ராசாத்தி இல்ல," என்றாள் தணிந்த குரலில். பின்வாங்கினாள். உண்ணாமலையைக் கடக்கும்போது அவள் காலடியில் துப்பினாள். "நீ பெத்தது. நீயே வெச்சுக்கோ."

செங்கோடன் வாசலில் வண்டியோடு நின்றிருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டான். காறி உமிழ்ந்துவிட்டு மாட்டைப் பூட்டினான். உண்ணாமலை பின்பக்கமாக ஏறி வைக்கோலில் உட்கார்ந்தாள். வண்டி ஒருபக்கம் தாழ்ந்தது. கோடித்துணியால் முக்காடு போட்ட ஒருத்தி ஏறி அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள். செங்கோடன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். கூடப் படிக்கிறவள் என்று நினைத்திருப்பான்.

உண்ணாமலை வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். தன் வாயிலிருந்து வருகிற எதையும் இனி அவள் நம்பவில்லை.

ஆட்டையாம்பட்டிச் சாலையில் வண்டி திரும்பியபோது கஞ்சமலைக்குப் பின்னால் வெயில் இறங்கியிருந்தது. புளியமரங்கள் இருண்டன. சக்கரத்தின் இரும்புப்பட்டை கல்லில் ஏறி இறங்கும் ஓசை, மாட்டின் பெருமூச்சு, வண்டிக்கடியில் தொங்கிய லாந்தரின் கிறீச்சு, இவற்றுக்கு நடுவே இன்னொரு மூச்சும் கேட்டது. அவளுடைய மூச்சோடு சேர்ந்தே ஏறி இறங்கியது. அவள் மூச்சைப் பிடித்தாள். அதுவும் பிடித்தது.

அண்ணனுக்குக் கேட்காமல், முன்னால் குனிந்து, உதட்டளவில் சொன்னாள்: "உனக்கு இருதயம் இல்லை."

"தப்பு," என்றது அது.

அவளுடைய குரல். கூச்சப்படுகிற, தரையைப் பார்த்துப் பேசுகிற, அதே குரல்.

"நான்கு அறைகள்," என்றது. அமைதியாக, பொறுமையாக.

இனிச் சொல்லி அழிக்க முடியாது. அதற்கே பாடம் தெரிந்துவிட்டது.

எங்கோ நாய் குரைத்தது, வண்டி நெருங்க நெருங்கக் குரைப்பு அடங்கி ஊளையாக மாறியது. மாடுகள் தலையை உதறிக்கொண்டு, அடிக்காமலே வேகமாக நடந்தன.

"ஏ அம்மிணி," என்றான் செங்கோடன், திரும்பாமல். "அந்தப் புள்ள எது வரைக்கும் வருது?"

உண்ணாமலைக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

"ஊடு வரைக்கும் வருதுங்கண்ணா," என்றது எதிரே இருந்தது.

"செரி," என்றான் செங்கோடன். தங்கைதான் சொன்னாள் என்று நினைத்து மாட்டை அதட்டினான்.

நிலா புளியமரங்களை விட்டு மேலே வந்தது. அது முக்காட்டை எடுத்தது.

கண் இருந்தது. மூக்கு இருந்தது. உதடு இருந்தது. ஒவ்வொன்றும் பாடத்தில் சொன்ன இடத்தில், சொன்ன அளவில், பழுதில்லாமல் இருந்தது. ஆனால் அது முகம் இல்லை. ஒருத்தியின் முகம் எப்படியிருக்கும் என்று எந்தப் பாடத்திலும் இல்லை. வரிசையில் நின்ற ஒருத்தியும் சொல்லவில்லை.

அது வைக்கோலில் முழங்காலை ஊன்றி அருகில் வந்தது. மூச்சு அவள் கன்னத்தில் பட்டது. சூடாக இருந்தது. அவள் தலையை இரண்டு கையாலும் மெதுவாகப் பிடித்து நிலாவின் பக்கம் திருப்பியது. நெற்றியிலிருந்து தொடங்கி, புருவம், இமை, மூக்கு, இடது கன்னத்து மச்சம் என்று ஒன்றுவிடாமல் பார்த்துக்கொண்டே கீழே இறங்கியது. தாடைக்கு வந்ததும் திரும்ப நெற்றிக்குப் போனது.

அதன் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன.